தோல் இல்லாத துத்தி

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை ஒன்றுகூட இல்லாத பீரோ இருக்கிறது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஜினதாஸ் நயினார் வீட்டில் இருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். நயினாருக்குத் தொழிலோ நெசவாளர்களுக்குச் சரிகை விற்பது. ஆனால் அவர் மனைவி தயாவதி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நூல் புடவைதான் கட்டினாள். ஊர் அதைக் கஞ்சத்தனம் என்று முடிவு கட்டி, நயினார் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தது.

உண்மை வேறு. பூச்சியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்த நூல் தன் உடம்பில் படக்கூடாது என்பது தயாவதியின் விரதம். சமணக் குடும்பங்களில் இது புதிதில்லை. ஆனால் மற்றவர்கள் ஒரு தடவை வடிகட்டிக் குடிக்கிற தண்ணீரை அவள் இரண்டு தடவை வடிகட்டுவாள். பொழுது சாய்ந்த பிறகு பச்சைத் தண்ணீர்கூட இறங்காது. எதையும் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பாட்டிலும் அப்படித்தான். அங்கேதான் வம்பு.

தாமலுக்கு மேற்கே இருந்த சொந்த ஊரில் ஆதிநாதர் கோயில். அட்சய திருதியை அன்று சுவாமிக்குக் கரும்புச் சாறு படைத்ததும் ஐந்து பாட்டு பாடுவது ஜினதாஸ் வீட்டுப் பெண்களின் உரிமை. மாமியாருக்குப் பிறகு தயாவதிதான் இருபத்தாறு வருஷமாகப் பாடிவந்தாள். கணீரென்ற குரல். சுருதிதான் ஓரிடத்தில் நிற்காது. பக்தி ஏற ஏற சுருதியும் ஏறும். முதல் பாட்டைத் தரையில் தொடங்கினால் ஐந்தாவது பாட்டு கோபுரத்து உச்சியில் நிற்கும். பின்பாட்டுப் பெண்கள் பாதி வழியிலேயே மூச்சு வாங்கி வாயை மூடிக்கொள்வார்கள்.

இது ஜினதாஸுக்கும் இருபத்தாறு வருஷமாகத் தெரியும். "எப்படிங்க இருந்துச்சு?" என்று அவள் கேட்பாள். "அமோகம்" என்பார். சொல்லிச் சொல்லி அந்தப் பொய்க்கு நரைகூட விழுந்துவிட்டது.

அறுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் ஒரு மத்தியானம், அவருடைய தங்கை கனகமாலா கடைக்கு வந்தாள். திருப்புட்குழிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவள் காது பொல்லாத காது. ரேடியோவில் பாடுகிறவர் கொஞ்சம் பிசகினாலும் எழுந்து போய் அணைத்துவிடுவாள்.

"அண்ணா, சொல்றேன்னு கோச்சுக்காத. போன வருஷம் அண்ணி அஞ்சாவது பாட்டு பாடறப்ப கொழந்தைங்கல்லாம் சிரிச்சுதுங்க. கோயில் பெரியவங்க பேசிக்கினு இருக்காங்க. இந்த வருஷமும் அப்டியே ஆச்சுன்னா, நடுவுல நிறுத்திட்டு என்னைப் பாடச் சொல்லப் போறாங்களாம்."

"நடுவுலயா?"

"நடுவுலதான். எல்லார் எதுர்லயும். அதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு. அண்ணி கௌரவமா விலகிக்கட்டும்."

சபை நடுவில் தயாவதியை நிறுத்துவதா? அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைக்கவே ஜினதாஸால் முடியவில்லை. சரி, முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றால், இருபத்தாறு வருஷத்து அமோகத்தை எந்த வாயால் திரும்ப வாங்குவது? மூன்று நாள் வாயைத் திறந்து திறந்து மூடினார். "பல்லு வலிக்குதா?" என்று தயாவதி கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

நான்காம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பக்கத்திலேயே ஒரு சுருதி விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள் அல்லவா? ஆனால் எதை வைப்பது? இரண்டு வருஷம் முன்பு கோயிலுக்கு ஆர்மோனியம் வாங்கினார்கள். தயாவதி அதைப் பிரித்துக் காட்டச் சொன்னாள். துருத்தியின் மூலையில் ஆட்டுத் தோல் ஒட்டியிருந்தது. தோல் கோயிலுக்குள் வரக்கூடாது என்று வாங்கிய கடைக்கே அது திரும்பிப் போயிற்று. சுருதிப் பெட்டிக்கும் அதே கதி.

அப்போதுதான் அவருக்குப் பத்து வயதில் அப்பாவோடு சென்னைக் கோட்டையில் பார்த்தது ஞாபகம் வந்தது. பாவாடை கட்டிய வெள்ளைக்கார சோல்ஜர்கள் அக்குளில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு வரிசையாக ஊதிப் போனார்கள். மூச்சு விட்டாலும் விடாவிட்டாலும் சத்தம் நிற்கவேயில்லை. "இது இன்னா பெரிய அதிசயம், நம்ம ஊரு துத்திதான்" என்று அப்பா சொன்னார். மேளக்காரர்களுக்கும் கூத்துக்காரர்களுக்கும் பின்னால் நின்று, பைக்குள் காற்றை ரொப்பி, ஒரே சுருதியை ஊதுகிற அந்தத் துத்தி. அதன் பையும் ஆட்டுத் தோல்தான். ஆனால் பை என்பது காற்றை அடைக்கத்தானே? காற்றுக்கு எந்தப் பையாக இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

துத்தி செய்கிற முனிரத்தினம் பிள்ளையார்பாளையத்தில் இருந்தான். முப்பத்தைந்து வயது, வாய்க்கொழுப்பு அறுபது வயதுக்கு. அவன் வாசலில் உரித்த தோல்கள் காய்ந்துகொண்டிருந்ததால் ஜினதாஸ் உள்ளே போகாமல் நடுத்தெருவில் நின்றே விசாரித்தார்.

"சுளுவா கேக்கறீங்க நயினாரே. ஆட்டை வயித்துல கிழிக்கவே கூடாது. கழுத்து வழியா சட்டையைக் கழட்டறாப்ல உரிக்கணும். அப்புறம் சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை. கழுத்து இருந்த எடத்துல குழலு. முன்னங்காலு ஒண்ணுல ஊதற குழாய். மத்த காலெல்லாம் இறுக்கி..."

ஜினதாஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஆதிநாதா! போதும்பா. தோலே இல்லாம செய்வியா?"

"மாவே இல்லாம தோசை சுடச் சொல்றீங்க."

ஆனாலும் அவன் கண்ணில் ஒரு மினுமினுப்பு வந்துவிட்டது. முடியாது என்று இன்னொருவன் சொல்வதற்கு முன்னால் செய்து பார்த்துவிட வேண்டும் என்கிற சாதி அவன்.

வீட்டில் ஜினதாஸ் வேறு கதை சொன்னார். சின்ன வயதிலிருந்தே துத்தி ஊத ஆசை என்றும், இந்த வருஷம் கோயிலில் அவள் பாட்டுக்குத் தானே ஊதப்போவதாகவும் சொன்னார். தயாவதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்பத்தஞ்சு வயசுல வந்துதா இந்த ஆசை?"

"உள்ளயே இருந்துச்சு."

"சரி, ஊதுங்க. ஆனா அதுக்காக ஒரு உசுரும் போகக்கூடாது. எங்கிட்ட காட்டிட்டுத்தான் கோயிலுக்கு எடுத்துக்கினு வரணும்."

பத்து நாள் கழித்து முனிரத்தினமும் அவன் சிநேகிதன் நெசவாளி பரமசிவமும் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு துத்தியை வைத்து நீட்டினார்கள். பை முழுக்க அரக்குக் கலர்ப் பட்டு. பரமசிவம் இரட்டை இழையில் நெருக்கி நெய்து, போதாததற்கு ஓரத்தில் சரிகைக் கரையும் ஓட்டியிருந்தான்.

காஞ்சிபுரத்துக்காரர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அங்கே சுத்தமான பொருள் எது என்று கேட்டால் பிறந்த குழந்தைகூடப் பட்டு என்றுதான் சொல்லும். சாமிக்குச் சாத்துவது அது, மடிக்குக் கட்டுவது அது. அதற்கு முன்னால் ஓர் உயிர் இருந்தது என்கிற எண்ணமே யாருக்கும் வராது.

"தோலு தீட்டுன்னீங்க, பட்டுக்குத் தீட்டே கெடையாது பாருங்க" என்றான் பரமசிவம் பெருமையாக.

தயாவதி தட்டைத் தொடவில்லை. "இந்தப் பைக்கு எத்தனை பூச்சிபா ஆவும்?"

பரமசிவம் முனிரத்தினத்தைப் பார்த்தான். முனிரத்தினம் வெற்றிலையைப் பார்த்தான்.

"நூத்துக்கணக்குல ஆவும்" என்று அவளே சொன்னாள். "ஆடா இருந்தா ஒண்ணோட போயிருக்கும். நீங்க ரெண்டு பேரும் ஒரு ஊரையே வேக வெச்சு எடுத்துக்கினு வந்து நிக்கறீங்க."

தெருவுக்கு வந்த பிறகு பரமசிவம் மெதுவாகக் கேட்டான்: "அப்ப அந்தம்மா பட்டு கட்டாதது நயினாரோட கஞ்சத்தனம் இல்லியா?" இத்தனை வருஷமாகத் தாங்கள் பரப்பிய வம்பு வீணாய்ப் போனதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்தது காடாத் துணி. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற மாதிரியே பரமசிவம் அதற்கும் கெட்டியாகக் கஞ்சி ஏற்றி விறைப்பாகக் காய வைத்தான். முதல் நாள் காற்று நின்றது. ஊத ஊத மூச்சின் ஈரத்தில் கஞ்சி ஊறி, மூன்றாம் நாள் புளித்து, வீடு முழுக்கப் பழைய சோற்று வாடை. நான்காம் நாள் எறும்புகள் சாரை சாரையாக வந்தன.

"நீங்க பாட்டுக்கு அக்குள்ல வெச்சு அமுக்குவீங்க. இதுங்க கதி?" என்றாள் தயாவதி. எறும்புகளை ஊதி ஊதி இறக்கிவிட்டு, பையைத் துவைத்துக் கரித்துணியாக்கினாள்.

பங்குனியும் முடியப்போகிறது. ஜினதாஸ் தூக்கம் கெட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு நாள் பித்துப் பிடித்தவர்போல நின்றார். எதிரே வல்கனைசிங் கடையில் ஒருவன் லாரி டியூபுக்குக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. ஜினதாஸ் தெருவைக் குறுக்கே கடந்த வேகத்தில் ஒரு ஜட்கா அவர்மேல் ஏறியிருக்கும்.

"பஞ்சர் ஒட்டின டியூபை எங்கையால குழல்ல கட்டணுமா? எங்கப்பன் கனவுல வந்து ஒதைப்பான்" என்று குதித்தான் முனிரத்தினம். குதித்துவிட்டு வாங்கிக்கொண்டான். டியூபை வெட்டி, வளைத்து, முனைகளைச் சூடு வைத்து ஒட்டினான். கருங்காலியில் குழல் கடைந்தான். உள்ளே வைக்கும் சீவாளிக்கு நாணலைச் சீவினான். சுருதி சேர்க்க எப்போதும் தேன்மெழுகு அப்புவான். தேனீக்களை நினைத்துப் பார்த்து அவனே அதை ஒதுக்கிவிட்டுப் பருத்தி நூலைச் சுற்றினான். தயாவதியிடம் இருந்த பயம் அந்த அளவுக்கு அவனுக்குள் இறங்கியிருந்தது.

அவள் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரப்பர் எதுல பண்றது?"

"மரத்துப் பாலும்மா" என்றான் முனிரத்தினம். பரீட்சை எழுதுகிற பையனாக விறைத்து நின்றான்.

"மரத்தைக் கீறுவாங்களோ?"

அவனுக்கு வியர்த்துவிட்டது. "லேசாத்தான்."

"ஓரறிவு உசுரு. கீரையைக்கூடத்தான் கிள்றோம்." பிறகு ஓரிடத்தில் விரல் வைத்தாள். "இது இன்னா, பொட்டு வெச்சாப்ல?"

"பஞ்சரும்மா."

தயாவதி சிரித்துவிட்டாள். அனுமதி கிடைத்துவிட்டது.

ஒரு கோளாறு மட்டும் போகவில்லை. ஆட்டுத் தோல் ஒரே நிலையில் நிற்கும். ரப்பர் அப்படி நிற்காது. கையால் கொஞ்சம் இறுக்கினால் சுருதி ஏறியது, தளர்த்தினால் இறங்கியது. "புத்தி கெட்ட பை" என்று திட்டினான் முனிரத்தினம். "பச்சைக் கொழந்தையை இடுக்கறாப்ல கையை அசைக்காம வெச்சுக்கினு ஊதுங்க. அமுக்கினீங்க, மானம் போச்சு. அன்னிக்குன்னு பாத்து எனக்கு ஒரு கல்யாணத்துல மேளம் இருக்குது. கூட வர மாட்டேன்."

ஜினதாஸ் கடையின் பின்கட்டில் தினமும் பழகினார். இரண்டாம் நாளே பக்கத்துக் கடைக்காரர் வந்து, கன்றுக்குட்டிக்கு வயிறு உப்பியிருந்தால் பெருங்காயம் கரைத்து ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார். பத்தாம் நாள் சத்தம் ஓரளவு மனிதத்தன்மைக்கு வந்தது. கையை மட்டும் அசைக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. பயம் வந்தால் அது தானாக இறுகியது.

அட்சய திருதியை அன்று கோயிலில் நல்ல கூட்டம். கரும்புச் சாற்று வாசனை மண்டபம் வரைக்கும் வந்தது. கனகமாலா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சுக்கும் பனங்கற்கண்டும் மென்று தொண்டையைத் தயாராக வைத்திருந்தாள். தன் அண்ணன் ஒரு லாரி டியூபை இடுக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் மெல்வதை நிறுத்தினாள்.

முதல் பாட்டு பிரமாதம். துத்தி முழங்கியது, தயாவதி அதிலேயே நின்றாள். ஜினதாஸுக்கு உச்சி குளிர்ந்தது. இரண்டாவது பாட்டில் ஒரு இழை விலகினாள். மூன்றாவதில் பக்தி ஏறிவிட்டது. துத்தி கீழே கிடந்தது, அவள் மேலே போய்விட்டாள். ஒரே குறுகல் தெருவில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்து மாட்டிக்கொண்ட கதைதான். முன்பெல்லாம் ஐந்தாவது பாட்டில்தான் ஊருக்குத் தெரியவரும் பிசகு, துத்தி பக்கத்திலேயே ஒலித்ததால் இப்போது மூன்றாவதிலேயே கோயில் முழுக்கத் தெரிந்தது. காப்பாற்ற வந்த வாத்தியம் காட்டிக்கொடுத்துவிட்டது.

பெரியவர் ஒருவர் எழுந்திருக்கப் போனார். கனகமாலா தொண்டையைச் செருமினாள்.

பயத்தில் ஜினதாஸின் அக்குள் இறுகிவிட்டது. பை அமுங்கியது. துத்தி முனகிக்கொண்டே மேலே ஏறிப் போய்த் தயாவதியின் குரலோடு ஒட்டிக்கொண்டது.

எழப்போன பெரியவர் உட்கார்ந்துகொண்டார்.

ஜினதாஸுக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்தது. அவளைச் சுருதிக்கு இழுக்க வேண்டாம். சுருதியை அவளிடம் அனுப்பினால் போதும்! அதற்குப் பிறகு அவர் கையைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவள் ஏறினால் இறுக்கினார், கொஞ்சம் தணிந்தால் தளர்த்தினார். நான்காவது பாட்டில் பின்பாட்டுப் பெண்களும் துத்தியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறினார்கள். கூடச் சேர்ந்து பாடிய கனகமாலா மட்டும் பிடிவாதமாகத் தொடங்கிய சுருதியிலேயே நின்றாள். அவள் பாடியதுதான் சரி. ஆனால் முப்பது பேர் ஒரு பக்கம், அவள் ஒருத்தி ஒரு பக்கம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தைகள் அவளைப் பார்த்துச் சிரித்தன.

ஐந்தாவது பாட்டில் தயாவதி இதுவரை போகாத உயரத்துக்குப் போனாள். ஜினதாஸ் பலம் கொண்ட மட்டும் அமுக்கினார். பஞ்சர் ஒட்டிய இடம் கொழுக்கட்டையாகப் புடைத்தது. வெடித்தால் மானம் மட்டுமில்லை, மண்டபமே போய்விடும் என்று நினைத்தார். திடீரென்று அவள் இறங்கினாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் இறங்கி அவர் கேட்டதில்லை. தட்டுத் தடுமாறி அவரும் இறங்கினார். அவள் மறுபடி ஏறினாள். அவரும் ஏறினார். பாட்டு முடிந்தபோது இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றார்கள்.

"உங்க அண்ணி பாட்டுல இன்னிக்குக் குத்தமே இல்ல" என்று பெரியவர் கனகமாலாவிடம் சொன்னார். கனகமாலா மிச்சமிருந்த பனங்கற்கண்டைக் கடக்கென்று கடித்தாள்.

திரும்பும்போது வண்டியைத் தாமல் ஏரிக்கரையில் நிறுத்தினார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். தயாவதி எலுமிச்சம்பழச் சாதத்தை இலையில் வைத்தாள். பையை அமுக்கிய வலது கையை ஜினதாஸால் தூக்கவே முடியவில்லை.

"எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"அமோகம்."

"அஞ்சாவது பாட்டுல?"

"அதுதான் ரொம்ப அமோகம்."

"அதுல வேணும்னேதான் ஏத்தினேன்" என்றாள் தயாவதி. "வர்றீங்களான்னு பாத்தேன். வந்தீங்க. எறங்கிப் பாத்தேன். அப்பவும் வந்தீங்க."

அவர் கையிலிருந்த சாதம் இலையிலேயே விழுந்தது. "உனக்குத் தெரியுமா?"

"கனகமாலா சொல்லாம இருப்பாளா? மாசி மாசம் உங்க கடைக்கு வர்றதுக்கு முந்தின நாளே வீட்டுக்கு வந்து சொல்லிட்டா."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தே?"

"இருபத்தாறு வருஷம் பொய் சொன்னவரு, இப்பவாவது வந்து உண்மையைச் சொல்லுவாருன்னு பாத்துக்கினு இருந்தேன். நீங்க பட்டைத் தூக்கிக்கினு வந்தீங்க, கஞ்சியைத் தூக்கிக்கினு வந்தீங்க. கடைசியில லாரி டியூபு." அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நா பாடினதை நெனைச்சு எனக்கு வெக்கமா இருந்துச்சுங்க. நீங்க பண்ணதைப் பாத்த பின்னாடி அந்த வெக்கம் போய்டுச்சு."

வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வர, ஜினதாஸ் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அடுத்த வருஷம் கனகமாலாவே பாடட்டும்" என்றாள். "அவளுக்கும் நீங்களே ஊதுங்க. ஆனா அவளுக்குக் கையை அசைக்காம ஊதணும், சொல்லிட்டேன்."

சூரியன் ஏரிக்குள் இறங்க இன்னும் ஒரு முழம்தான் இருந்தது. அவரால் கையைத் தூக்க முடியாததைப் பார்த்து, அவளே உருண்டை உருட்டி அவர் வாயில் கொடுத்தாள்.